திரைக்கதை எழுதிப் பிழைக்க முடியுமா? சுங்கை சிப்புட் வாசகிக்கு ஒரு விரிவான பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தங்கை கேட்டிருப்பதன் சாரம் இது. கணக்கியலில் டிப்ளோமா முடித்து ஈப்போவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, தம் பாட்டியின் வாழ்க்கையை வைத்து, 140 பக்கங்களில் ஒரு திரைக்கதை எழுதி முடித்திருக்கிறார். வேலையை விட்டுவிட்டு முழுநேரத் திரைக்கதையாசிரியர் ஆகலாமா, திரைக்கதை ஆலோசகர் என்றொரு தொழில் உண்மையிலேயே இருக்கிறதா, இதற்கெல்லாம் சென்னைக்குப் போக வேண்டுமா, பிரதியை வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்லும் ஒரு தயாரிப்பாளருக்கு அனுப்பலாமா என்பவை அவருடைய கேள்விகள். கதைச் சுருக்கத்தையும் முதல் 30 பக்கங்களையும் இணைத்திருந்ததால், பொதுப்படையாக அல்லாமல் அந்தப் பிரதியை வைத்தே பதில் சொல்ல முடிகிறது. நான் தொலைக்காட்சி நாடகங்களுக்கு எழுதியும், பிறர் எழுதிய பிரதிகளைப் படித்துக் கருத்துரை வழங்கியும் வருபவன். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடியான பதில். வேலையை இப்போது விடாதீர்கள். எழுத்து என்ற ஒரே வாசல் வழியாகத் திரைத்துறைக்குள் நுழைய முயலவும் வேண்டாம். உங்களிடம் இருக்கும் கணக்கறிவோடு தயாரிப்புப் பக்கமாக உள்ளே வாருங்கள். எழுதிய ஒரு பக்கம் படப்பிடிப்பில் எவ்வளவு பணத்தையும் எத்தனை மணி நேரத்தையும் விழுங்கும் என்று சொல்லத் தெரிந்த எழுத்தாளர்கள் நம்மிடையே மிகக் குறைவு. அப்படிச் சொல்லத் தெரிந்தவரைத்தான் தயாரிப்பாளர்கள் அழைத்துப் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். ஆலோசகர் என்ற பட்டம் அதற்குப் பின்னால் தானாக வருவது.

ஏன் எழுத்து மட்டும் போதாது என்பதற்குச் சந்தையின் அளவைப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். மலேசிய இந்தியர்கள் நாட்டின் மக்கள்தொகையில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு, எண்ணிக்கையில் ஏறத்தாழ 20 லட்சம் பேர். அவர்களுக்காக எடுக்கப்படும் உள்ளூர்த் தமிழ்ப்படம், அதே வாரம் சென்னையிலிருந்து வந்திறங்கும் பெரிய நடிகரின் படத்தோடு அதே திரையரங்கில் மோத வேண்டியிருக்கிறது. திரைக்கு வெளியே பார்த்தால், 1996-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ஆஸ்ட்ரோவின் வானவில், விண்மீன் அலைவரிசைகளும் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.எம்.மின் தமிழ்ப் பிரிவும்தான் நாடகங்களையும் தொலைக்காட்சிப் படங்களையும் தொடர்ந்து வாங்குபவை. வாங்குபவர் இத்தனை குறைவாக இருக்கும் இடத்தில், இயக்குநரே கதையையும் திரைக்கதையையும் வசனத்தையும் எழுதிவிடுவதும், எழுத்துக்கென்று வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படும் தொகை கடைசி வரிகளில் ஒன்றாகச் சுருங்கிப்போவதும் இயல்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எழுத்தாளரின் இடம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வருவது நல்லது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே வேளையில், தோட்டத்துக் கதையை யார் பார்ப்பார்கள் என்ற உங்கள் ஐயம் தேவையற்றது. தீபக் குமரன் மேனனின் 'செம்மண் சாலை' 2005-இல் ஒரு தோட்டக் குடும்பத்தை வைத்து எடுக்கப்பட்டு வெளிநாட்டுத் திரைவிழாக்கள்வரை சென்றது. சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015-இன் இறுதியில் வெளிவந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்பதைச் சொன்ன அந்தப் படம், 2016-இல் நடந்த 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. அவ்விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்ததை எதிர்த்துப் பெரிய வாதம் எழுந்ததும், அதன் பிறகே அந்தப் பிரிவினை கைவிடப்பட்டதும் நம் துறையினர் அனைவரும் அறிந்தவை. ஆகவே கதைக்களம் உங்களுக்கு எதிரி அல்ல. உங்கள் பிரதியின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

முதல் காட்சியையே எடுத்துக்கொள்வோம். "விடியற்காலை. பெரட்டுக் களம். எண்பது தொழிலாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். மழை. துரை ஜீப்பில் வருகிறார். ஆண்டு 1948." பெரட்டுக் களம் என்றால் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் இடம். எழுதியது சில சிறு வரிகள். தயாரிப்பு நிர்வாகி இதைப் படிக்கும்போது அவர் கண்ணில் படுவதைச் சொல்கிறேன். எண்பது துணை நடிகர்கள் என்றால் எண்பது உடைகள், எண்பது சாப்பாடு, அவர்களை ஏற்றிவர இரண்டு பேருந்துகள், ஒப்பனைக்காக அதிகாலை இரண்டு மணிக்கே தொடங்கும் வேலை. விடியற்காலை வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. ஆகவே ஒரு நாளில் எடுக்க முடியாமல் இரண்டு மூன்று விடியல்கள் தேவைப்படும், அல்லது இரவிலேயே விளக்குகளைக் கொண்டு விடியலை உண்டாக்க வேண்டும். அதற்கு ஜெனரேட்டர் லாரி. மழை வேண்டுமென்றால் தண்ணீர் லாரி. இயற்கை மழை எடுத்துக்கொண்டிருக்கும் காட்சியின் தொடர்ச்சியைக் கெடுக்குமே தவிர, தேவையான அளவில் தேவையான நேரத்தில் வராது. 1948-க்கான ஜீப்பை வாடகைக்கு எடுத்து, அதை ஓட்டத் தெரிந்தவரையும் உடன் அழைத்துவர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று நம் வட்டாரத்தில் அந்தக் களத்தைச் சுற்றி நிற்பது பெரும்பாலும் செம்பனை எனும் எண்ணெய்ப்பனைதான். வரிசை வரிசையாக வெட்டும் வயதில் பால்மரம் நிற்கும் இடத்தைத் தேடி அனுமதி வாங்குவதே ஒரு தனி வேலை. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்து வீடுகள் இடிக்கப்படாமல் இருக்கும் இடம் அதைவிட அரிது.

பால்மரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்றாலும், படப்பிடிப்பின் கோணத்திலிருந்து அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குளிர்ந்த நேரத்தில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால், உண்மையான மரம் வெட்டு விடிவதற்கு முன்பே, தலைவிளக்கு வெளிச்சத்தில் நடப்பது. ஆகவே பாட்டி மரம் வெட்டும் உங்கள் பதினொரு காட்சிகளும் கணக்குப்படி இரவுக் காட்சிகள். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும். அப்போது தொடங்கிய படப்பிடிப்பை மே மாதத்தில் தொடர்ந்தால் ஒரே காட்சிக்குள் மொட்டை மரமும் தழைத்த மரமும் மாறிமாறி வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கமாக இருக்கும் என்பதால், வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலேயே முடிக்கத் திட்டமிட வேண்டும். உங்கள் கதையில் ஏழு வயதுச் சிறுமி பாதிக் காட்சிகளில் வருகிறாள். பிள்ளைகளைப் பொழுதுபோக்குத் துறையில் பணியமர்த்துவதற்குக் குழந்தைகள், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டம் 1966-இன்படி உரிமம் பெற வேண்டும். வேலை நேரக் கட்டுப்பாடும் உண்டு. அதனால் நள்ளிரவில் அவளை மரத்தடியில் நிறுத்திவைக்கும் காட்சிகளை மறுபடியும் யோசியுங்கள்.

இவ்வளவும் சொல்வது உங்கள் கற்பனையை ஒடுக்குவதற்கு அல்ல. அந்தத் தொடக்கக் காட்சியின் உயிர் எண்பது பேரில் இல்லை. பேர் கூப்பிடும்போது பாட்டியின் பெயர் விடுபட்டுப்போவதில் இருக்கிறது. அதை ஐந்து பேரின் முகங்களையும், இருட்டில் கேட்கும் கிராணி எனும் தோட்ட எழுத்தரின் குரலையும், செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டின் மீது விழும் அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தையும் வைத்தே எடுத்துவிடலாம். செலவு பத்தில் ஒரு பங்காகக் குறையும், காட்சியும் கூர்மையாகும். திரைக்கதை ஆலோசகர் செய்கிற வேலையின் பாதி இதுதான்: எந்தச் செலவு கதைக்கு உரியது, எந்தச் செலவு எழுதியவரின் ஆசைக்கு உரியது என்று பிரித்துச் சொல்வது. செம்பனைத் தோட்டத்தின் மேலே ட்ரோன் எழும்பித் தொடங்கும் பிரதிகளை எண்ணுவதை நான் நிறுத்திப் பல காலம் ஆகிறது. அவற்றில் எதுவும் அந்த ட்ரோனால் தேறியதாக நினைவில்லை.

இந்தப் பார்வையை அறையில் உட்கார்ந்து பெற முடியாது. படப்பிடிப்புக்குப் போகும் முன் பிரதியைக் காட்சி காட்சியாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தையும் எட்டுப் பங்காக அளந்து, நடிகர், உடை, பொருள், வாகனம், விலங்கு, ஒலி என்று தனித்தனியாகப் பட்டியலிடுவார்கள். பிரேக்டவுன் என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். அதிலிருந்து கால அட்டவணை, அதிலிருந்து வரவு செலவுத் திட்டம், அதிலிருந்து, யார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்லும் அன்றாடக் கால் ஷீட். ஒரு பிரதியை இப்படி முழுதாகப் பிரித்துப் பார்த்தவர் அதற்குப் பிறகு பழையபடி எழுத மாட்டார். கணக்காய்வில் பழகிய உங்களுக்கு இது சில வாரங்களில் கைவரும். நம் சிறிய தயாரிப்பு நிறுவனங்களில் நடிக்க ஆள் உண்டு, இயக்க ஆள் உண்டு; செலவுச் சீட்டுகளை ஒழுங்காக வைத்து, வாரந்தோறும் திட்டத்துக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டி, மானியம் தந்த அமைப்புக்குக் கணக்கு ஒப்படைக்கத் தெரிந்தவர்தான் கிடைப்பதில்லை. வார இறுதிகளில் ஒரு குறும்படத்துக்கோ தொலைக்காட்சிப் படத்துக்கோ தயாரிப்புக் கணக்கராகச் சேருங்கள். ஈப்போவில் வேலையில் இருந்தபடியே இதைத் தொடங்கலாம்.

அடுத்த படியாக, வாய்ப்புக் கிடைத்தால், கண்டினியூட்டி, அதாவது காட்சித் தொடர்ச்சி, பார்க்கும் உதவியாளர் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். படப்பிடிப்பில் அவருடைய நோட்டுப் புத்தகம் தோட்டத்துக் கிராணியின் செக்ரோலைப் போன்றது. அதில் ஏறாதது நடக்காததாகவே கருதப்படும். எந்த வசனம் மாறியது, எந்த வரி வெட்டப்பட்டது, எந்தக் காட்சி எதிர்பார்த்ததைவிட இரண்டு நிமிடம் நீண்டது என்று ஒவ்வொரு நாளும் பதிந்துகொண்டே வருபவருக்கு, தாளில் நன்றாக இருந்த வசனம் நடிகரின் வாயில் ஏன் நொண்டுகிறது என்பது யாரும் சொல்லித்தராமல் புரிந்துவிடும். இயக்குநரும் படத்தொகுப்பாளரும் அவரிடம்தான் கேட்பார்கள். எழுத்தாளராக ஆசைப்படுபவர்கள் உதவி இயக்குநர் இடத்துக்கே முட்டி மோதுகிறார்கள். என்னைக் கேட்டால், எழுதக் கற்க அதைவிட இது நல்ல இடம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிநாட்டுக் குழுக்கள் இங்கே வந்து படமெடுப்பது புதிதல்ல. தமிழில் மட்டும் பார்த்தாலே 2007-இல் வெளிவந்த 'பில்லா', 2016-இல் வெளிவந்த 'கபாலி' என்று பெரிய படங்கள் மலேசியாவில் எடுக்கப்பட்டன. தகுதிபெறும் உள்நாட்டுச் செலவில் 30 விழுக்காட்டைத் திருப்பித் தரும் ஊக்குவிப்புத் திட்டம் ஒன்றும் நடைமுறையில் உண்டு. அப்படி வரும் குழுவுக்குத் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகமான பினாஸின் அனுமதி, வெளிநாட்டுக் கலைஞர்களுக்கான புஸ்பால் ஒப்புதல், இடம், வண்டி, தங்குமிடம், உள்ளூர்த் துணை நடிகர் என்று அனைத்தையும் ஏற்பாடு செய்யும் உள்ளூர்த் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தமிழும் மலாயும் ஆங்கிலமும் பேசி, கணக்கும் பார்க்கத் தெரிந்தவர் தேவை. இது எழுத்து வேலை அல்ல. ஆனால் வாடகை கட்ட உதவும் வேலை, தொடர்புகளையும் தரும்.

இனி ஆலோசகர் தொழிலைப் பற்றி. இது அமெரிக்காவிலிருந்து அண்மையில் இறக்குமதியான ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். நம் மரபில் இது பழையது. சென்னையின் பெரிய ஸ்டூடியோக்களில் சம்பளம் வாங்கிக்கொண்டு கதையை விவாதிப்பதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்றவர்கள் பணியாற்றிய ஜெமினி கதை இலாகாவின் பெயரை 1948-இல் வந்த 'சந்திரலேகா'வில் காணலாம். ஸ்டூடியோ முறை சரிந்த பிறகு அந்த விவாதம் இயக்குநர்களின் வாடகை அறைகளுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே கருத்துச் சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் சாப்பாடும் தேநீரும்தான் ஊதியம். இப்போது ஆலோசகர் என்று சொல்லிக் கட்டணம் கேட்பவர், அந்த வேலையை எழுத்தில், பொறுப்போடு, குறித்த நாளுக்குள் செய்து கொடுப்பதால்தான் கேட்க முடிகிறது.

செய்ய வேண்டியது என்னவென்றால், பிரதியை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை குறிப்பெடுக்காமல், ஒரே அமர்வில், படம் பார்ப்பவரைப் போல; எங்கே கவனம் சிதறியது என்பது அப்போது மட்டுமே தெரியும். இரண்டாம் முறை பென்சிலோடு. பிறகு அறிக்கை: கதை ஒரே வாக்கியத்தில், கதைச் சுருக்கம் ஒரு பக்கத்தில், அதன் பின் கருத்துரை, இறுதியில் எடுக்கலாம், திருத்தினால் எடுக்கலாம், வேண்டாம் என்ற மூன்றில் ஒன்று. ஒரு வாக்கியத்தில் கதையைச் சொல்ல முடியாமல் ஆலோசகர் திணறினால் அது பெரும்பாலும் பிரதியின் கோளாறு. உங்கள் பிரதியில் எனக்கு அந்தத் திணறல் ஏற்பட்டது: பாட்டிக்கு என்ன வேண்டும் என்பது 30 பக்கம் கடந்தும் தெரியவில்லை. அவர் துன்பப்படுகிறார், பொறுத்துக்கொள்கிறார், மறுபடியும் துன்பப்படுகிறார். பார்ப்பவருக்கு இரக்கம் வரும். அடுத்தது என்ன என்ற ஆவல் வராது. சுருக்கத்தில் ஓரிடத்தில், தம் மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கு மேல் படிக்கவைக்கப் பாட்டி ஒட்டுப்பால் (கோப்பையிலும் பட்டையிலும் உறைந்த மிச்சப் பால்) விற்ற காசைக் கணவருக்குத் தெரியாமல் சேர்த்தார் என்று ஒற்றை வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். படம் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காசு பத்தாம் பக்கத்துக்குள் திரையில் வந்தால், அதன் பிறகு வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சண்டைக்கும் ஒவ்வொரு மழை நாளுக்கும் பொருள் கூடிவிடும். மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லை என்றால் காசில்லை.

நல்ல கருத்துரை இப்படித்தான், குறையைச் சொல்லும் இடத்திலேயே பிரதிக்குள் ஏற்கெனவே கிடக்கும் மருந்தையும் எடுத்துக் காட்ட வேண்டும். தம் சொந்தக் கதையை அடுத்தவர் பிரதிக்குள் நுழைப்பவர் ஆலோசகர் அல்லர். அதேபோல், கருத்துரை எழுத ஒப்புக்கொண்டு, வாய்ப்பேச்சில் மறுவரைவும் எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் பெயர் வரவில்லை என்று வருந்துபவர்களையும் பார்க்கிறேன். கருத்துரைக்கு ஒரு கட்டணம், மறுவரைவுக்கு வேறு ஒப்பந்தம், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு என்ன செய்வது என்றால், நண்பர்களின் குறும்படப் பிரதிகளுக்கு இந்த வடிவத்தில் அறிக்கை எழுதுங்கள். ஒரு பிரதிக்கு நீங்கள் சொன்னதையும் எடுத்து முடித்த படத்தில் தெரிவதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தேர்வு.

வடிவத்தைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற ஆங்கிலக் கணக்கு, குறிப்பிட்ட எழுத்துருவையும் குறிப்பிட்ட ஓரங்களையும் நம்பி நிற்பது. தமிழ் எழுத்தில் அது பொருந்தாது; இடப்பக்கம் காட்சியும் வலப்பக்கம் வசனமுமாக இரு பத்தியில் எழுதும் நம் பழைய முறையில் இன்னும் பொருந்தாது. உங்கள் 140 பக்கங்களை நிறுத்துக்கடிகாரம் வைத்து உரக்கப் படித்து நேரத்தைக் குறியுங்கள். நான் படித்த பகுதியை வைத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும்.

தணிக்கையை எழுதும்போதே மனத்தில் கொள்ள வேண்டும். உங்கள் கதையின் நடுப்பகுதி 1948 ஜூன் 16-ஐத் தொடுகிறது. அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் கேட்டு வளர்ந்த வரலாறு. திரைப்படத் தணிக்கை வாரியம் உள்துறை அமைச்சின் கீழ், 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்குகிறது. பொதுவுடைமைப் போராட்டம், இனம், மதம் ஆகியவற்றைத் தொடும் படங்கள் கூடுதல் கவனத்துக்கு உள்ளாகும். அமீர் முகமதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' (கடைசிக் கம்யூனிஸ்ட்) என்ற ஆவணப்படம் தணிக்கையைக் கடந்த பிறகும் 2006-இல் தடை செய்யப்பட்டது. அந்தக் காலத்தைத் தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. லயத்து வீட்டின் உள்ளே இருந்து, பாட்டிக்குத் தெரிந்த அளவுக்கு மட்டும் அதைக் காட்டுங்கள். செலவும் குறையும், வாதமும் குறையும், அவர் அன்றைக்கு உண்மையில் அறிந்திருக்கக்கூடியதும் அவ்வளவுதான்.

உரிமை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள். மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987-இன்படி, எழுதி முடித்த கணமே உங்கள் பிரதியின் உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் சட்டம் காப்பது எழுத்தாக உருவான படைப்பையே. வெறும் கருத்தை அல்ல. "தோட்டத்துப் பாட்டி, ஒளித்து வைத்த காசு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, பிறகு யாரோ அதை எடுத்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. விரும்பினால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துக் கழகத்தில் 2012-லிருந்து உள்ள தன்னார்வ அறிவிப்பு முறையில் பிரதியைப் பதிந்துவைக்கலாம். பின்னால் வழக்கு வந்தால் நாளுக்கும் உரிமைக்கும் அது சான்றாகும்.

பலர் கவனிக்காமல் விடுவது அச்சட்டத்தின் 26-ஆம் பிரிவு. ஒருவர் பணித்து, அதன்படி நீங்கள் எழுதிக்கொடுத்தால், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, அந்தப் படைப்பின் உரிமை பணித்தவருக்கு மாறிவிட்டதாகவே கருதப்படும். நீங்களாக எழுதிய பிரதி உங்களுடையது. "நன்றாக இருக்கிறது, எங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதிக் கொடுங்கள், காசு தருகிறோம்" என்று ஒரு நிறுவனம் சொல்லி நீங்கள் மாற்றி எழுதினால், அந்த மாற்றுவரைவு யாருடையது என்பது நீங்கள் முன்கூட்டியே எழுதிக்கொள்ளும் தாளைப் பொறுத்தது. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருந்தால்தான் செல்லும் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. ஆகவே நீங்களாக எழுதிய பிரதியை வாய்ப்பேச்சில் இழந்துவிட்டதாக அஞ்ச வேண்டாம், ஆனால் கையெழுத்திடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். சென்னையில் இத்தகைய பூசல்களைத் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கம் விசாரிப்பது வழக்கம். 2018-இல் 'சர்கார்' படத்தின் கதை தம்முடையது என்று உதவி இயக்குநர் வருண் ராஜேந்திரன் எழுப்பிய புகாரில், சங்கத்தின் அப்போதைய தலைவர் கே. பாக்யராஜ் இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னதும், பிறகு நீதிமன்றத்தில் சமரசமாகி அந்த உதவி இயக்குநருக்குப் படத்தில் நன்றி தெரிவிக்கப்பட்டதும் நினைவிருக்கலாம். அவரிடம் முன்பே பதிந்துவைத்த கதை இருந்தது என்பதே அங்கே முக்கியம்.

சென்னைக்குப் போவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே உதவி இயக்குநராகப் பல ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்கு வீடும் விசாவும் சிக்கலில்லை. உங்களுக்கு இரண்டும் சிக்கல். மேலும் உங்களிடம் இருக்கும் சரக்கு இந்த மண்ணைச் சேர்ந்தது. படிக்க வேண்டுமென்றால் கோலாலம்பூரில் உள்ள அஸ்வாரா கலைக்கழகத்தில் திரைப்படப் படிப்பு இருக்கிறது. பயிற்று மொழி மலாய் என்பது எனக்கு ஒரு கூடுதல் தகுதியாகவே படுகிறது. பினாஸ் அவ்வப்போது அறிவிக்கும் நிதிகளுக்கு விண்ணப்பம் எழுதவும், மலாய் நாடகங்களுக்கு எழுதிப் பெரிய சந்தையை எட்டவும் அந்த மொழி வேண்டும். நம்மவர் அப்படிச் செய்வது புதிதும் அல்ல: பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' என்ற மலாய்ப் படத்தை 1950-இல் இயக்கியவர் எல். கிருஷ்ணன், அந்தக் காலத்துச் சிங்கப்பூர் ஸ்டூடியோக்களின் மலாய்ப் படங்களில் பெரும்பங்கை இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்களே எடுத்தார்கள்.

வீட்டில் அம்மா கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கவலை நியாயமானது. திரைத்துறையில் மாதச் சம்பளமும் சேமநிதியும் தானாக வருவதில்லை. தனித்து வேலை செய்யத் தொடங்கும்போது சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் சுயதொழில் செய்வோர் திட்டத்தில் சேருங்கள், சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் விருப்பச் சந்தா கட்டுங்கள். இந்த இரண்டு தாள்களையும் அம்மாவிடம் காட்டினால் என்னுடைய இந்த நீண்ட பதிலைவிட அதிகம் பயன்படும்.

கடைசியாக, வாட்ஸ்ஆப்பில் பிரதியைக் கேட்கும் தயாரிப்பாளர். அவர் எடுத்த படங்கள் எவை, பினாஸ் தயாரிப்பு உரிமம் அவருடைய நிறுவனத்துக்கு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். முழுப் பிரதியை இப்போது அனுப்ப வேண்டாம். அது திருத்தம் கேட்கும் நிலையிலும் இருக்கிறது. ஒளித்து வைத்த காசை மையமாக்கி இரண்டு பக்கக் கதைச் சுருக்கம் ஒன்றை எழுதி, உங்கள் பெயரும் நாளும் இட்டு, வாட்ஸ்ஆப்பில் அல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அதுவே யாருக்கு, எப்போது, எதைக் கொடுத்தீர்கள் என்பதற்குப் பதிவாகிவிடும். அதைப் படித்துவிட்டு அவர் சந்திக்க அழைத்தால், நூறு பக்கத்துக்குள் சுருக்கிய மறுவரைவையும் முதல் பத்துக் காட்சிகளுக்கு நீங்களே போட்ட பிரேக்டவுனையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.